சிங்கன் கேட்டதும் சிங்கி சொன்னதும்: பீர் முகம்மது அப்பாவின் ஞானரத்தினக் குறவஞ்சி

தக்கலையில் அடங்கப்பெற்றிருக்கும் மெய்ஞ்ஞானி பீர் முகம்மது அப்பா (ரஹ்) அவர்களின் பெயரைச் சொன்னவுடன் தமிழ் முஸ்லிம்களில் பலருக்கும் நினைவுக்கு வருவது ஞானப்புகழ்ச்சிதான். ரஜப் மாதம் பதினான்காம் இரவில் அந்தத் தர்காவில் கூடியிருந்து விடிய விடிய அதனைப் பாடும் வழக்கம் தலைமுறைகளாக நிலைத்து வருகிறது. நூலைப் படித்தறியாதவரும் செவிவழியாக அதன் பல பாடல்களை அறிவர். தக்கலையிலேயே வாழ்ந்து 2017இல் மறைந்த கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் அதனைப் பன்முக வாசிப்புக்கு உட்படுத்தித் தனி நூலே எழுதினார். ஆனால் அதே ஆசிரியரின் ஞானரத்தினக் குறவஞ்சிக்கு இந்த நற்பேறு வாய்க்கவில்லை. அளவிற் சிறியது, நாட்டார் மெட்டில் அமைந்தது, சித்தர் பாடல் தொகுதிகளில் இடம்பெற்றுவிட்டது ஆகிய மூன்று காரணங்களால் நம்மவர்கள் அதனைச் சற்று ஒதுக்கியே வைத்திருக்கின்றனர். அந்நூலில் பேசுவோர் இருவரே. ஒருவன் சிங்கன், மற்றவள் சிங்கி. இவ்விருவரும் யாவர், இவர்களுள் கேட்பவன் ஆணாகவும் சொல்பவள் பெண்ணாகவும் அமைந்ததன் பொருள் யாது என்பதையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

முதலில் ஆசிரியரைப் பற்றிச் சில சொற்கள். அப்பா அவர்கள் தென்காசியில் பிறந்தார்கள் என்பதும், மேற்குத் தொடர்ச்சி மலையில் தவமிருந்த இடமே இன்று பீர்மேடு என வழங்குகிறது என்பதும், பின்னர் தக்கலைக்கு வந்து தறி நெய்து வாழ்ந்தார்கள் என்பதும் மரபு வழிச் செய்திகள். காலம் பதினேழாம் நூற்றாண்டு என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. ஹிஜ்ரி 1115இல் (கி.பி. 1703) மறைந்து கீழக்கரையில் அடங்கப்பெற்ற மாமேதை சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களோடு இவர்களுக்கு இருந்த தொடர்பைப் பற்றிய கதைகளும் இதற்கு அரண் செய்கின்றன. ஜும்ஆத் தொழுகைக்கு வராமல் தறியிலேயே அமர்ந்திருக்கிறார் என்று நெசவாளர் ஒருவர் மீது முறையீடு எழுகிறது, அதை விசாரிக்க ஒரு பேரறிஞர் வருகிறார், வந்தவர் அந்நெசவாளரின் நிலையை உணர்ந்து வியந்து திரும்புகிறார் என்பது அக்கதைகளின் சாரம். இதனை வரலாற்று ஆவணமாகக் கொள்ள நாம் துணியவில்லை. எனினும் ஷரீஅத்தின் காவலராக நின்ற ஒருவரும் மஃரிபத்தின் பாடகராக வாழ்ந்த ஒருவரும் பகைவராகப் பிரிந்ததாகச் சமுதாயம் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. நண்பராகக் கூடியதாகவே வைத்துக்கொண்டது. இந்நினைவின் போக்கு கவனிக்கத்தக்கது.

அன்றைய தக்கலை எத்தகைய ஊர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பக்கத்தில் கல்குளம், அதாவது இன்றைய பத்மநாபபுரம், வேணாட்டு அரசின் இருக்கையாக விளங்கியது. அரண்மனையில் மலையாளம் ஓங்கி வந்தது, நாஞ்சில் வயல்களிலும் தெருக்களிலும் தமிழ் வழங்கியது, பள்ளிவாசலில் அரபி ஒலித்தது. கோழிக்கோட்டில் காழி முஹம்மது அவர்கள் 1607ஆம் ஆண்டு முஹ்யித்தீன் மாலையை அரபு மலையாளத்தில் இயற்றி, மேற்குக் கரையில் மாலை இலக்கியத்துக்கு வழி திறந்திருந்தார்கள். தக்கலை முஸ்லிம்களின் ஜமாஅத் பெயரில் இன்றும் பீர் முகம்மதுவோடு சேர்ந்து நிற்கும் 'அஞ்சுவண்ணம்' என்ற சொல், கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலேயே ஒரு வணிகக் குழுவின் பெயராக வருவது. பழைய வணிகக் குழுவின் பெயரைத் தாங்கிய ஒரு நெசவாளர் குடியிருப்பில், மும்மொழிகளின் ஓசை கலந்த சூழலில், ஒருவர் குறவன் குறத்தியரைப் பேச வைத்துப் பாடுகிறார். இது திடீரென நிகழ்ந்த அதிசயமன்று.

குறவஞ்சி என்னும் இலக்கிய வகையின் முழு அமைப்பு நம் வாசகர்கள் அறிந்ததே. தலைவன் உலா வருவான். பந்தாடிக் கொண்டிருந்த தலைவி அவனைக் கண்டு மையல் கொள்வாள். நிலவையும் தென்றலையும் பழிப்பாள். அவ்வேளையில் குறத்தி வந்து தன் மலைவளம் கூறி, கைபார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெற்றுப் போவாள். பின்னர் அவளைத் தேடிச் சிங்கன் வருவான். பறவை பிடிக்கும் வேலையையும் மறந்து ஊர் ஊராய் அலைந்து, இறுதியில் அவளைக் கண்டு வினாக்களை அடுக்குவான். அவளும் சளைக்காமல் விடை சொல்வாள்.

இவ்வமைப்பின் மணிமுடியாகப் போற்றப்படும் திருக்குற்றாலக் குறவஞ்சி, அப்பா அவர்கள் பிறந்ததாகச் சொல்லப்படும் தென்காசிக்கு மிக அருகில் எழுந்தது. ஆயினும் அது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்து நூல். எனவே குற்றாலத்துச் சிங்கியைப் பார்த்துத் தக்கலைச் சிங்கி பிறந்தாள் என்று சிலர் எழுதுவது கால முறைக்குப் பொருந்தாது. குறம் என்ற சிறு வகை அதற்கு முன்பே புலவர்களிடம் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டிலேயே குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மை மீது ஒரு குறம் பாடியுள்ளார். ஆனால் குறத்தில் குறத்தி ஒருத்தியே பேசுவாள். சிங்கனும் சிங்கியும் எதிரெதிர் நின்று பாடி ஆடும் முறை ஊர்த் திருவிழாக்களிலும் தெருக்களிலும் ஆடப்பட்ட கூத்திலிருந்தே ஏட்டுக்கு ஏறியிருக்க வேண்டும் என்பது நம் கருத்து. அப்பா அவர்கள் எடுத்தாண்டது புலவர் அவைக்குரிய செய்யுளை அன்று, தறிக்குழியில் அமர்ந்திருப்பவன் காதிலும் விழும் மெட்டை. குற்றாலக் குறவஞ்சிக்கு மதுரை நாயக்க மன்னர் 'குறவஞ்சிமேடு' என்ற நிலத்தையே பரிசாக அளித்தார். தக்கலைக் குறவஞ்சிக்கு எந்த மன்னரும் எதையும் அளித்ததாகச் செய்தியில்லை. பாடியவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

இனி, அவர்கள் எதை எடுத்தார்கள், எதை விடுத்தார்கள் என்று பார்ப்போம். ஞானரத்தினக் குறவஞ்சியில் தலைவியில்லை. உலா வரும் தலைவனில்லை, பாங்கியுமில்லை, பந்தாட்டமுமில்லை. குறவஞ்சியின் கடைசிப் பகுதியாகிய சிங்கன் சிங்கி உரையாடல் மட்டும் தனித்து நூலாக நிற்கிறது. காதற்கதை முழுவதையும் உதறிவிட்டு, கதை முடிந்தபின் நடக்கும் ஒரு பேச்சை மட்டும் வைத்துக்கொண்டது ஏன்? அந்தப் பேச்சில்தான் அறியாதவன் ஒருவன் அறிந்தவள் ஒருத்தியைக் கேட்கும் நிலை இயல்பாகவே அமைந்திருந்தது என்பதே நமக்குத் தோன்றும் காரணம்.

பிற்காலத்துக் குற்றாலக் குறவஞ்சியைக் கொண்டே இதனை விளக்கலாம். அங்கே சிங்கன் தன் மனைவியின் காலிலும் கையிலும் கிடக்கும் புதிய அணிகளைக் கண்டு மிரள்கிறான். காட்டில் திரிபவன் ஆதலால் அவனுக்குச் சிலம்பு விரியன் பாம்பாகத் தெரிகிறது. அவளோ பல நாடுகளில் குறி சொல்லித் திரிந்தவள். இது இன்ன நாட்டில் பெற்ற இன்ன அணி என்று பெயர் சொல்லித் தெளிவிக்கிறாள். அவன் கண்டதைத் தவறாகக் காண்கிறான், அவள் பொருளின் உண்மைப் பெயரைச் சொல்கிறாள். நகைச்சுவைக்காகவே அமைந்த இக்காட்சியின் உள்ளே ஓர் ஆசிரியையும் ஒரு மாணவனும் ஒளிந்திருக்கின்றனர். கூத்து மரபிலிருந்த இவ்வமைப்பின் வலிமையைத் தக்கலை ஞானி கண்டுகொண்டார். அணிகலன்கள் இருந்த இடத்தில் படைப்பின் இரகசியங்களை வைத்தார். கேட்பவன் கேட்பவனாகவும் சொல்பவள் சொல்பவளாகவும் மாறாமல் நின்றனர்.

நூலின் முதல் வினாவே பெரிது. ஆதிக்கும் முற்பட்ட அநாதி யாது என்று சிங்கன் கேட்கிறான். கலாம் நூல்களைப் பயின்ற நமக்கு இவ்வினாவைக் கேட்டவுடன் 'கதீம்', 'ஹாதிஸ்' என்ற பாகுபாடும் அதையொட்டிய வாதப் பிரதிவாதங்களும் நினைவில் வந்து நிற்கும். சிங்கியின் விடை அங்கே செல்லவில்லை. கருக்குழிக்கும் முந்திய இருளறையை அவள் சுட்டுகிறாள். வானத்தை நோக்கிக் கேட்கப்பட்ட கேள்விக்கு விடை தாயின் வயிற்றிலிருந்து வருகிறது. தொடரும் உரையாடலும் பிறப்பு, உடல், மூச்சு என்பவற்றைச் சுற்றியே நகர்கிறது.

சித்தர் பாடல் தொகுப்பாளர்கள் இந்நூலைத் தம் வரிசையில் சேர்த்துக்கொண்டமைக்கு இதுவே காரணம். உடலை ஞானத்தின் ஏடாகப் படிப்பது சித்தர் வழக்கு. சொற்களும் பலவிடத்துப் பொதுவானவை. இதனைக் காட்டி, இப்பாடல்கள் நம் மார்க்கத்துக்குப் புறம்பானவை என்று கூறுவாரும் உளர். இவை இஸ்லாமியப் பெயர் பூண்ட சித்தர் பாடல்களே என்று மகிழ்வாரும் உளர். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அரபு நூல்களைப் பயின்ற ஒருவர் அந்த 'இருளறை' என்ற சொல்லைக் கேட்டால் அவர் எங்கே செல்வார்? ஸூரத்துஸ் ஸுமரின் ஆறாம் வசனத்துக்கே செல்வார். தாய்மாரின் வயிறுகளில் மூன்று இருள்களுக்குள் மனிதன் படிப்படியாகப் படைக்கப்படுவதை இறைவன் அங்கே எடுத்துரைக்கிறான். மனிதன் தான் எதிலிருந்து படைக்கப்பட்டான் என்பதை நோக்கட்டும் என்று ஸூரத்துத் தாரிக் ஏவுகிறது. படைத்தவனை அறிய விரும்புபவன் தன் தோற்றுவாயைப் பார்க்கும்படி திருமறையே வழிகாட்டியிருக்கும்போது, சிங்கி சொன்ன விடையைப் புறத்தே தள்ள வேண்டிய தேவை என்ன?

இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். கருப்பைக்கு அரபியில் 'ரஹிம்' என்று பெயர். அர்ரஹ்மான், அர்ரஹீம் என்ற திருநாமங்களின் வேரும் அதுவே. ரஹிமைப் படைத்து, தன் பெயரிலிருந்தே அதற்குப் பெயரைப் பிரித்தளித்ததாக இறைவன் கூறும் ஹதீஸ் குத்ஸி, திர்மிதீ, அபூதாவூது ஆகிய தொகுப்புகளில் வந்துள்ளது. இரத்த உறவைப் பேணுவதைப் பற்றிய நபிமொழியே அது என்பதை நாம் அறிவோம். எனினும் சூஃபியாக்கள் அந்தச் சொல்லுறவில் வேறொரு வாசலையும் கண்டனர். அப்பா அவர்கள் இவ்வசனத்தையோ இந்நபிமொழியையோ எண்ணித்தான் பாடினார்கள் என்று அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை. ஆனால் பிஸ்மிக்கே 'பிஸ்மில் குறம்' என்று தனி நூல் பாடிய ஒருவருக்கு ரஹ்மானும் ரஹிமும் ஒரே வேரின் கிளைகள் என்பது தெரியாதிருந்திருக்கும் என்று கருதுவது பொருந்தாது.

இங்கே ஒரு வலுவான ஐயத்துக்கு விடை காண வேண்டும். குறத்தி குறி சொல்பவள். குறி கேட்பதை மார்க்கம் தடுத்துள்ளது. குறி சொல்பவனிடம் சென்று கேட்டவனின் நாற்பது இரவுத் தொழுகை ஏற்கப்படாது என்ற நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அவ்வாறிருக்க, ஒரு முஸ்லிம் ஞானி போதிக்கும் இடத்தில் ஒரு குறிகாரியை அமர்த்தலாமா? இக்கேள்வியை நம் மாணவர்களில் ஒருவர் எழுப்பினால் அவரைப் பாராட்டவே வேண்டும். நூலின் அமைப்பே இதற்கு விடை சொல்கிறது. குறவஞ்சியிலிருந்து விடுக்கப்பட்ட பகுதிகளுள் கைபார்த்துக் குறி சொல்லும் பகுதியும் ஒன்று. தக்கலைச் சிங்கி எவருடைய கையையும் பார்ப்பதில்லை. நாளை நடக்கப்போவதைச் சொல்வதில்லை. அவள் சொல்வதெல்லாம் ஏற்கெனவே நடந்ததைப் பற்றியது, கேட்பவனே கடந்து வந்து மறந்துபோனதைப் பற்றியது. நாளை என்ன என்பதையும் கருப்பைகளில் உள்ளதையும் இறைவனே அறிவான் என்று ஸூரத்து லுக்மானின் இறுதி வசனம் வரம்பிடுகிறது. அந்த வரம்பை அவள் மீறவில்லை. கருவில் உருவாகவிருப்பதை அவள் முன்னறிவிக்கவில்லை. நீ எங்கிருந்து வந்தாய் என்பதை நினைவூட்டுகிறாள். குறிகாரி இவ்வாறு நினைவூட்டுபவளாக மாறியதே இந்நூலின் மிக நுட்பமான மாற்றம் என்று நாம் கருதுகின்றோம்.

வினா விடை முறை நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முற்பட்ட முழு நூலாகக் கருதப்படும் ஆயிரம் மசலா (1572) வினா விடையாகவே அமைந்தது. வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய அந்நூலில், யூத அறிஞராயிருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) வினாக்களைத் தொடுக்க, பெருமானார் (ஸல்) அவர்கள் விடை பகர்கின்றார்கள். கேட்பவர் வேதம் கற்ற அறிஞர், சொல்பவர் இறைத்தூதர். மற்றொரு நூலாகிய நூறு மசலாவில் ஓர் அரசகுமாரி வினாக்களைத் தொடுக்கிறாள், அப்பாஸ் என்பவன் விடை சொல்லி அவளை மணக்கிறான். அங்கே பெண் அறிவுடையவள்தான். ஆனாலும் அவள் பணி சோதிப்பதோடு முடிகிறது. வெற்றி விடை சொன்ன ஆணுக்கே. இவற்றோடு ஒப்பிட்டால் ஞானரத்தினக் குறவஞ்சி எவ்வளவு தூரம் விலகி வந்திருக்கிறது என்பது புலனாகும். இங்கே அரசவையில்லை, வேத பண்டிதரில்லை, சோதனையில்லை. சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட மலைக்குறவர் இருவர். அவர்களிலும் பெண்ணின் வாயிலிருந்தே மறைபொருள் வருகிறது.

சிங்கியை எவ்வாறு பொருள் கொள்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு பெரிது. சிங்கன் என்பது முரீது, சிங்கி என்பது ஷைகு என்பர் சிலர். சிங்கன் நஃப்ஸ், சிங்கி ரூஹ் என்பர் வேறு சிலர். ஜீவனும் ஞானமும் என்று பொதுவாகச் சொல்லி நகர்வாரும் உண்டு. இவை யாவும் பொருந்தக்கூடியனவே. எனினும் இத்தகைய உரைகளில் ஒரு குறை இருக்கிறது. உருவகத்தை விடுவித்தவுடன் அந்தக் குறத்தி காணாமற் போய்விடுகிறாள். ஷைகு என்ற பொருளே போதுமானால், ஞானி ஒரு முதியவரையும் ஒரு சீடனையும் பேச வைத்திருக்கலாமே. முன்மாதிரிகளுக்கா பஞ்சம்? பெண்ணை, அதிலும் ஊர் ஊராய் நடந்து பிழைக்கும் பெண்ணைத் தேர்ந்ததில் ஒரு கருத்திருக்கிறது. விடைகள் கருவறையைப் பற்றியன. அதைச் சுமந்தவள் சொல்வதற்கும் கேட்டறிந்தவன் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு.

தஸவ்வுப் வரலாற்றில் இதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. ஷைகுல் அக்பர் இப்னு அரபி (மறைவு ஹிஜ்ரி 638) அவர்கள் இளமையில் செவில்லி நகரத்து மூதாட்டி ஃபாத்திமா பின்த் இப்னுல் முதன்னா அவர்களுக்குப் பணிவிடை செய்து ஞானம் பெற்றதைத் தம் ஃபுதூஹாத்தில் நன்றியோடு பதிவு செய்கிறார்கள். ராபிஆ பஸரிய்யா அவர்களிடம் ஹஸன் பஸரீ அவர்கள் பேச்சிழந்து நின்ற கதைகளை அத்தார் அவர்களின் தத்கிரத்துல் அவ்லியா வழியாக நம் ஊர்களின் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஹஸன் அவர்கள் ஹிஜ்ரி 110லும் ராபிஆ அவர்கள் ஹிஜ்ரி 185லும் மறைந்தார்கள் என்பதால் அக்கதைகள் வரலாறாக நில்லா. ஆனால் அவற்றைச் சமுதாயம் விரும்பிச் சொல்லிக்கொண்டதே ஒரு வரலாறுதான். அறிந்தவள் முன் அறிஞர் அமைதியாவதை அது தாழ்வாக எண்ணவில்லை.

தமிழகத்துள்ளேயே ஒரு வேறுபாட்டைக் காட்டலாம். 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் மனோன்மணிக் கண்ணியில் பெண் தேடப்படுபவள். பாடுபவன் அவளுக்காக ஏங்குகிறான், இறைஞ்சுகிறான், அவளோ பெரும்பாலும் பேசுவதில்லை. உருக்கத்தில் மஸ்தான் சாகிபை விஞ்சுவார் அரியர் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் பேசும் பெண்ணைக் காண வேண்டுமானால் தக்கலைக்கே வர வேண்டும். சிங்கி அழகுக்காக வருணிக்கப்படுவதில்லை. அவளை நோக்கி எழுவன ஏக்கங்களல்ல, கேள்விகளே.

காசியில் தறி நெய்த கபீரை ஈண்டு நினையாதிருக்க இயலாது. பாவும் ஊடையும் அவர் பாடல்களில் உடலுக்கும் உயிருக்கும் உவமையாயின என்பது அறிந்ததே. நம் தக்கலை நெசவாளர் குறவஞ்சிக்குத் தறியைத் தேடவில்லை, மலையைத் தேடினார் என்பது வியப்பளிப்பது. தொழிலின் ஓசை வேறு விதத்தில் அதில் இருக்கிறது என்று நாம் எண்ணுவதுண்டு. ஒருபுறமிருந்து எறியப்பட்ட நாடா மறுபுறம் சென்று மீள்வதுபோல, கேள்வி போகிறது, விடை வருகிறது, அதே தாளத்தில் அடுத்த கேள்வி கிளம்புகிறது. இது ஆய்வு முடிபன்று. பாடலைப் பாடிக் கேட்டவர்க்குத் தோன்றும் ஓர் உணர்வு மட்டுமே.

பாடிக் கேட்டல் என்றோம். ஞானப்புகழ்ச்சிக்கு ரஜப் இரவு ஒன்று வாய்த்ததால் அதன் மெட்டுகள் காக்கப்பட்டன. குறவஞ்சியோ அச்சுப் பிரதியாகவே பெரும்பாலும் நம்மிடம் வந்து சேர்கிறது. சிங்கா, சிங்கி என்ற விளிகள் வரிதோறும் முடிவில் வந்து விழும் அந்த நடையை இரு குரல்கள் பகிர்ந்து பாடினாலன்றி நூல் உயிர் பெறாது. நம் அரபுக் கல்லூரிகளில் புர்தாவையும் வித்ரிய்யாவையும் கூடியிருந்து ஓதுகின்றோம். சதக்கத்துல்லா அப்பா அவர்கள் வித்ரிய்யாவுக்குப் பாடிய தக்மீஸை அரபு யாப்புக்கு எடுத்துக்காட்டாகவும் காட்டுகின்றோம். அவர்கள் மதித்ததாக நாம் சொல்லும் அந்த நெசவாளரின் தமிழுக்குப் பாடவேளையில் இடமில்லை. தமிழ்த் துறைகளோ இந்நூலை இஸ்லாமிய இலக்கியம் என்ற அறையில் வைத்துப் பூட்டிவிட்டன. உவைஸ், அஜ்மல்கான் ஆகிய பேராசிரியர்கள் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதி அடித்தளமிட்ட பின்னும், ஒவ்வொரு நூலையும் தனித்தெடுத்து, அரபு மூலக் கருத்துகளோடும் தமிழ்க் கூத்து மரபோடும் ஒருசேர ஒப்பிடும் பணி மிகக் குறைவாகவே நடந்துள்ளது. அரபி அறிந்தவர் கூத்தை அறியாதவராகவும், கூத்தை அறிந்தவர் அரபி அறியாதவராகவும் இருப்பதே இதற்குத் தடை.

ஆயினும் சிங்கியின் குரல் ஓரிடத்தில் தொடர்ந்து ஒலித்தது. பிற்காலத்தில் இளையான்குடியில் வாழ்ந்த கச்சிப்பிள்ளை அம்மாள் என்ற ஞானியார் மெய்ஞ்ஞானமாலை பாடினார். தென்காசியில் ரசூல் பீவி என்பவர் ஞானாமிர்த சாகரம் இயற்றினார். கீழக்கரை ஆசியா உம்மா மெய்ஞ்ஞானப் பாடல்களை நமக்கு விட்டுச்சென்றார். வீட்டினுள் இருந்து, ஆண் ஷைகுமார்களிடம் தீட்சை பெற்று, தமிழில் மஃரிபத்தைப் பாடிய இப்பெண்மணிகளைப் பற்றி நாம் எழுதியது சொற்பம். இவர்களுள் கச்சிப்பிள்ளை அம்மாள் மெய்ஞ்ஞானக் குறவஞ்சி என்று ஒரு நூலும் பாடியிருக்கிறார். தக்கலையில் ஓர் ஆண் ஞானி சிங்கியின் வாயில் வைத்த சொற்களுக்குப் பின், இளையான்குடியில் ஒரு பெண் அதே குறவஞ்சியைத் தம் பெயரில் எடுத்துக்கொண்டார். இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்பதே அடுத்து நடக்க வேண்டிய ஆய்வு.